முதல் ஊசி தனக்கே!

மரத்தின்மீது ஏறிக்கொண்டார் ஒருவர். வேறெங்கோ அல்ல, நம் புதுவையிலே, வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கொரோனா தடுப்பூசி போட வீடு வீடாக வந்தார்கள் சுகாதாரத் துறை ஊழியர்கள். கண்டார் அவர், விரைந்தார், ஏறினார் மரத்தில். கீழே நின்று எடுத்துச் சொன்னார்கள் ஊழியர்கள். மேலே இருந்தபடி மறுத்தார் அவர். அந்தக் காட்சியைப் படம் பிடித்தார்கள். ஊர் ஊராகப் பரவிற்று. வடக்கும் பார்த்தது, தெற்கும் பார்த்தது. நாடே வயிறு குலுங்கச் சிரித்தது.

நாம் சிரிக்கவில்லை, தோழர்களே! சிரிக்க மனம் வரவில்லை. அதே ஆண்டின் சித்திரையும் வைகாசியும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. நாடெங்கும் ஒரே நாளில் நாலு லட்சம் பேருக்கு மேல் தொற்றிய இரண்டாம் அலை அது. மூச்சுக்குத் தவித்த முகங்கள்! பிராணவாயு உருளைக்கு அலைந்த பிள்ளைகள்! கதிர்காமம் மருத்துவமனை வாயிலிலும் ஜிப்மர் வாயிலிலும் கையைப் பிசைந்து நின்ற குடும்பங்கள்! அத்தனையும் கண்ட பிறகும் ஒருவர் ஊசிக்கு அஞ்சி மரம் ஏறுகிறார் என்றால், அது சிரிப்பதற்குரிய செய்தியா, சிந்திப்பதற்குரிய செய்தியா?

அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த அச்சம் எங்கே பிறந்தது, யார் வளர்த்தது, எப்படிப் போக்குவது? விடை தேடினால், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நிற்கிறார் ஒருவர், கையிலே ஊசியும் நெஞ்சிலே உறுதியுமாக. வால்டெமார் ஹாஃப்கின் அவர் பெயர். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பு மருந்து தந்தவர். அவர் கதையைத்தான் இன்று நம் தோழர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

கருங்கடல் ஓரத்து ஒடெசா நகரிலே, 1860 மார்ச் 15ஆம் நாள் பிறந்தார் ஹாஃப்கின். இன்று அது உக்ரேன் நாட்டு நகரம். அன்று ரஷ்யப் பேரரசன் ஜாரின் ஆட்சிக்கு உட்பட்டது. பிறந்தது யூத குலத்தில். அந்த ஒன்று போதும், அந்நாளைய ரஷ்யாவிலே அவமதிப்புக்கு! யூதன் இங்கே வசிக்கலாம், அங்கே வசிக்கக்கூடாது. இந்தப் பதவி உண்டு, அந்தப் பதவி இல்லை. பிறப்பை வைத்து மனிதனைத் தாழ்த்தும் கொடுமையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. தோளிலே துண்டு போடவும் உரிமையற்று வாழ்ந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்!

ஒடெசாப் பல்கலைக்கழகத்திலே விலங்கியல் பயின்றார். ஆசான், பேரறிஞர் மெச்னிகாஃப். 1881இல் யூதர்களைத் தேடித்தேடித் தாக்கினார்கள் வெறியர்கள். மாணவர் ஹாஃப்கின் வீட்டுக்குள் ஒளியவில்லை, தற்காப்புப் படையிலே சேர்ந்தார், அடிபட்டார், சிறைப்பட்டார். ஆசான் முயன்று மீட்டார். படிப்பு முடிந்தது, அறிவு இருந்தது, ஆசிரியப் பதவி மட்டும் கிட்டவில்லை. கிறித்தவ மதத்துக்கு மாறினால் பதவி என்றார்கள். பதவி வேண்டாம் என்றார் அவர். மதத்தின்மீதுள்ள பற்று என்பதைவிட, மானத்தின்மீதுள்ள பற்று என்றே நாம் அதைக் கொள்கிறோம்.

நாட்டைவிட்டு வெளியேறினார். ஜெனீவா சென்றார், 1889இல் பாரிஸ் சேர்ந்தார். அந்த நாளில் நம் புதுவையின் தலைவிதியை எழுதிய பாரிஸ்தான்! அங்கே லூயி பாஸ்டர் நிறுவிய ஆய்வு நிலையத்தில், நுண்கிருமிகளின் இரகசியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஹாஃப்கினுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நூலகத்திலே புத்தகம் காக்கும் வேலை. பகலிலே ஏடுகளை அடுக்கினார். கிடைத்த நேரத்திலெல்லாம் ஆய்வுக்கூடத்திலே கிருமிகளோடு மல்லாடினார். மனம் சோர்ந்தால் பிடில் வாசித்தார்.

அவர் கண்ணெல்லாம் காலரா மீது. நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய அதே காலரா! காலையிலே கழனிக்குப் போனவன் மாலையிலே பாடையிலே போவான். அந்தக் கிருமியை வீரியப்படுத்தியும், வீரியத்தை அடக்கியும், உடம்புக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும் மருந்தாக அதை மாற்றினார் ஹாஃப்கின். பகைவனின் முகத்தை முன்கூட்டியே காவலனுக்குக் காட்டி வைப்பது போன்றது தடுப்பூசி. பின்னாலே பகைவன் மெய்யாகவே வரும்போது, காவலன் அடையாளம் கண்டு மடக்குவான். முயலிலே சோதித்தாயிற்று. சீமைப் பெருச்சாளியிலே சோதித்தாயிற்று. மனிதனிலே?

எந்த மனிதனைத் தேடினார்? ஏழையையா? அனாதையையா? ஏமாந்தவனையா? இல்லை. 1892 ஜூலை 18ஆம் நாள் ஊசியைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டது. நாள் கணக்கில் உடம்பை வருத்திற்று. பொறுத்தார், எழுந்தார், இது மனிதனைக் கொல்லாது என்று உலகுக்கு அறிவித்தார்.

மருந்து பிறந்தது, நம்புவார் இல்லை. பாரிஸ் ஆய்வு நிலையத்துப் பெரியவர்களே தயங்கினார்கள். பிறந்த நாடான ரஷ்யா மறுத்தது. அப்போது பாரிஸிலே பிரிட்டனின் தூதராக இருந்தவர் டஃபரின் பிரபு, முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர். இந்தியாவுக்குப் போகலாம் என்று வழிகாட்டினார் அவர். 1893 மார்ச் மாதம் கல்கத்தாவில் வந்து இறங்கினார் ஹாஃப்கின்.

இங்கே காத்திருந்ததென்ன, மாலையா, மேளமா? வெள்ளைக்கார மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். இவர் மருத்துவரே அல்ல, விலங்கியல் படித்தவர். போதாக்குறைக்கு ரஷ்ய நாட்டு யூதர். மக்களோ, வெள்ளை முகத்தைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். கல்லெறிந்த ஊரும் உண்டு. கல்லெறிந்த மக்கள்முன் என்ன செய்தார் ஹாஃப்கின்? போலீசைக் கூப்பிட்டாரா? சட்டையைக் கழற்றினார், அவர்கள் கண்ணெதிரே தனக்குத் தானே ஊசி குத்திக்கொண்டார். கல் ஏந்திய கைகள் தாழ்ந்தன. ஒருவர் முன்வந்தார், பின்னாலே பலர் வந்தனர்.

1894இல் கல்கத்தாச் சேரிகளுக்குள் நுழைந்தார். சாக்கடை ஓரக் குடிசைகள். ஒரே குளத்திலே குளியலும் குடிநீரும். இருக்கிறவர்கள் எல்லோரும் கூலிக்கு உழைக்கும் மக்கள். பகலிலே போனால் ஆள் இருக்கமாட்டார்கள். எனவே அவர்கள் வேலைக்குப் புறப்படுமுன்னே விடியலில் போனார். வேலை முடிந்து திரும்பிய பின்னே, இரவிலே எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசி போட்டார். உழைப்பாளிக்குக் கூலி கெடக்கூடாது என்று தன் நேரத்தை அவன் நேரத்துக்கு மாற்றிக்கொண்ட அறிவாளி எத்தனை பேர்? சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்ற வங்காள மருத்துவர்கள் அவருடன் நடந்தார்கள். அவர்கள் மக்கள் மொழி பேசியவர்கள். அந்தப் பேச்சு பாதிக் கதவுகளைத் திறந்தது.

யாரையும் பிடித்து இழுத்துக் குத்தவில்லை. விரும்பி வந்தவருக்கே ஊசி. ஒரே குடிசையில் ஊசி போட்டவர் இருப்பார், போடாதவரும் இருப்பார்; அதே தண்ணீர், அதே சோறு. காலரா வந்தபோது கணக்கு எடுத்தார். போடாதவர்களிடையே சாவு விழுந்தது. போட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஆரூடம் அல்ல, ஆராதனை அல்ல. எண்ணிப் பார்த்த கணக்கு! ஆதாரத்தைக் காட்டி ஏற்கச் செய்யும் இந்த முறைக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர். இரண்டரை ஆண்டுக் காலத்திலே சுமார் 42,000 பேருக்குக் காலரா ஊசி போடப்பட்டது. உழைத்தவர் உடம்பை மலேரியா தின்றது. 1895இல் ஐரோப்பா திரும்பினார். உடம்பு தேறியதும் மறுபடி இங்கேயே வந்தார்.

1896ஆம் ஆண்டு பம்பாயிலே எலிகள் செத்து விழுந்தன, பின்னாலே மனிதர்கள். பிளேக்! ஹாஃப்கின் பம்பாய்க்கு விரைந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலே ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். ஒரு எழுத்தர், மூன்று ஏவலாளர், இதுதான் படை! இரவு பகல் பாராமல் உழைத்தார். உடன் இருந்தவர்களில் ஒருவர் மனம் கலங்கி நோயில் விழுந்தார். சிலர் விலகலாமா என்று நினைத்தனர். மூன்றே மாதத்தில் மருந்து ஆயத்தம். 1897 ஜனவரி 10ஆம் நாள் மறுபடியும் முதல் ஊசி தனக்கே. மற்றவர்களுக்குப் போட நினைத்த அளவைப்போல மூன்று மடங்கு தன் உடலில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சலில் துவண்டார்; மீண்டார். அடுத்து பைகுலாச் சிறையில், தாமே முன்வந்த கைதிகளுக்குப் போட்டுக் கணக்கெடுத்தார். ஊசி போடாதவர்களிடையேதான் சாவு அதிகம் என்று அங்கேயும் கண்டார்கள்.

அந்த மருந்து முழுக் கவசமல்ல. போட்டவருக்கும் சில வேளை நோய் வரும். ஆனால் நோய் வரும் வாய்ப்பைப் பாதியளவுக்காவது குறைத்தது. கொள்ளை நோய்க் காலத்திலே பாதி என்பது ஆயிரக்கணக்கான தாலி!

தோழர்களே! இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹாஃப்கின் ஊசியோடு வந்தார். ஆட்சியாளரோ துப்பாக்கியோடு வந்தார்கள். 1897இல் கொள்ளை நோய்ச் சட்டம் செய்தார்கள். 2020இல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுத்தார்களே, அதே சட்டம். பூனாவிலே ராண்ட் என்ற அதிகாரியின் கீழ்ப் பட்டாளத்துக்காரர்கள் வீடு புகுந்தார்கள். அடுக்களை வரை சென்றார்கள், பெண்களைத் தெருவிலே நிறுத்திச் சோதித்தார்கள், நோயாளி என்று ஐயம் கொண்டவரை இழுத்துப்போனார்கள், பண்டபாத்திரங்களைக் கொளுத்தினார்கள். கொதித்தது ஊர். 1897 ஜூன் 22ஆம் நாள் ராண்ட் சுடப்பட்டான். பம்பாயில் அதற்கு முன்பே, 1896 அக்டோபரில், ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கியிருந்தார்கள்.

மருத்துவமனையைத் தொழிலாளி தாக்குவதா என்று கேட்கலாம். உள்ளே போனவன் உயிரோடு திரும்புவதில்லை என்பதை அவன் கண்டான். காரணம் சொல்வார் இல்லை. எனவே உள்ளே கொல்கிறார்கள் என்று நம்பினான். நம்பிக்கை இல்லாத இடத்திலேதான் வதந்தி முளைக்கும். ஊசி ஒரு கெஜ நீளம் என்றார்கள். போட்டவன் அப்போதே சாவான், அல்லது ஆறு மாதத்திலே சாவான் என்றார்கள். ஆணுக்கு ஆண்மை போகும், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்றார்கள். எங்கோ கேட்டது போலிருக்கிறதல்லவா? ஆம்! 2021இல் நம் தெருக்களிலே கைபேசி வழி உலவிய அதே புளுகுகள். வயது மட்டும் நூற்றிருபதுக்கு மேல்!

அதே பூனாவிலே வேறொரு காட்சியும் உண்டு. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலே பிளேக் கண்ட சிறுவனைத் தன் தோளிலே சுமந்து மருத்துவம் நடக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார் சாவித்திரிபாய் புலே. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்விக் கண் திறந்த தாய் அவர். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். பட்டாளத்துக்காரன் கதவை உடைத்தான்; அம்மையார் கதவைத் தட்டினார். எந்தக் கை மக்களுக்குச் சொந்தமானது?

பம்பாயில் ஆகாகான் இந்த உண்மையை உணர்ந்தார். மிக இளையவர், இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர். ஹாஃப்கினின் ஆய்வுக்கு இடம் தந்தார். தம் மக்கள் பார்க்க, ஒரு முறை அல்ல, பல முறை ஊசி போட்டுக்கொண்டார். தலைவர் கையை நீட்டினார்; தொண்டர்கள் அஞ்சவில்லை. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து வெளியே சென்ற பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 லட்சம் அளவு.

புகழ் உச்சியிலே நின்ற வேளையில் விழுந்தது இடி. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலே மல்கோவால் என்ற சிற்றூர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் சென்றது. 19 பேருக்குத் தாடை இறுகிற்று. உடம்பு வில்லாய் வளைந்தது. இசிவு நோய், டெட்டனஸ்! பத்தொன்பது பேரும் மாண்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே புட்டியின் மருந்து.

விசாரணைக் குழு அமைந்தது. புட்டி பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே கெட்டுப்போனது என்று முடிவு கட்டினார்கள். மருந்தைத் தூய்மைப்படுத்தும் முறையை ஹாஃப்கின் மாற்றினார், அதுவே காரணம் என்றார்கள். பதவி பறிபோயிற்று. இருமுறை தன் உடலையே சோதனைக்களமாக்கியவர், கொலைப்பழி சுமந்து கப்பலேறினார்.

உண்மை என்ன? ஊரிலே புட்டியைத் திறந்தபோது உதவியாளின் கையிலிருந்த இடுக்கி மண்ணிலே விழுந்தது. நெருப்பிலே காட்டித் தூய்மை செய்யாமல், மருந்து நீரிலே அலசிவிட்டு அதைக்கொண்டே மூடியைக் கழற்றினார்கள். மண்ணிலே வாழும் கிருமி டெட்டனஸ். புட்டியில் முன்பே அது இருந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கவேண்டும், வீசவில்லை. இத்தனையும் தாளிலே இருந்தும், ஆண்டுக்கணக்கிலே அறிக்கை வெளியே வரவில்லை. மலேரியாவின் மர்மத்தை அவிழ்த்த ரொனால்ட் ராஸ் 1907இல் பேனாவை எடுத்தார். அறிஞர் பலர் அவருடன் சேர்ந்தார்கள்; கல்கத்தாச் சேரியிலே ஹாஃப்கினுடன் நடந்த சிம்சனும் அவர்களில் ஒருவர். யூதர் என்பதற்காகப் பழி சுமத்தப்பட்ட டிரைஃபஸ் வழக்கைப் போன்றதே இது என்று பேசினார்கள். 1907 இறுதியிலே பழி நீங்கிற்று.

நீங்கியது பழி, திரும்பவில்லை பதவி! கல்கத்தாவுக்கு மீண்டும் வந்தார். ஆனால் மனிதர்களுக்கு ஊசி போட்டுச் சோதிக்கும் உரிமையைத் தர மறுத்தார்கள். 1914இல் ஓய்வு பெற்றார். மணம் செய்துகொள்ளாத அந்த மனிதர், சுவிட்சர்லாந்து லோசான் நகரிலே 1930 அக்டோபர் 26ஆம் நாள் கண் மூடினார். 1925லேயே பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது. ஆனால் மல்கோவாலிலிருந்து கிளம்பிய அச்சத்துக்கு யார் பதில் சொல்வது? இந்தியாவிலே பிளேக் கொண்டுபோன உயிர் ஒரு கோடிக்கு மேல். மண்ணில் விழுந்த ஒரு இடுக்கியும், மூடிவைத்த ஒரு அறிக்கையும் அந்தக் கணக்கை எவ்வளவு ஏற்றினவோ!

இனி 2021க்கு வருவோம். ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், மக்களுக்குத் துணிவு ஊட்டுவதற்காக. 17ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். தமிழகமும் புதுவையும் திகைத்தன. போட்டுக்கொள்ள நின்றவர்கள் வீடு திரும்பினார்கள். ஊசி காரணமல்ல என்று வல்லுநர் குழு முடிவு சொன்னது. ஆனால் அது வெளிவந்தது மாதங்கள் பல சென்றபின். அதற்குள் வதந்தி எத்தனை தெரு சுற்றிற்று! கோவிஷீல்டு ஊசியால் மிக மிக அரிதாக இரத்தம் உறையும் பக்கவிளைவு உண்டு என்பதும் மெய். அதை மறைக்கத் தேவையில்லை. அரிதான தீங்கு இது, அது காத்த உயிர்கள் இவ்வளவு என்று எடுத்துச் சொன்னால், கூலிக்காரனுக்கும் கணக்குப் புரியும். மறைத்தால்தான் மரம் ஏறுவான்.

2021 டிசம்பரிலே புதுவையில் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி ஆணை பிறந்தது. அதே மாதம்தான் வில்லியனூர்ப் பக்கம் அந்த மனிதர் மரம் ஏறியதும். ஆணை வேண்டாம் என்று நாம் வாதாட வரவில்லை. ஆணை கதவு வரை போகும். மனத்துக்குள் போகாது என்கிறோம். 1936 ஜூலை 30ஆம் நாள் இந்தப் புதுவை மண்ணிலே 12 ஆலைத் தொழிலாளர் துப்பாக்கிக்கு இரையானார்கள். அரசாங்கம் என்றால் என்ன என்பதை அப்படிக் கற்ற மக்கள் நாம். நம் தெருவிலே நம்பிக்கையை ஆணையாலே விளைவிக்க முடியாது.

ஒரு வெட்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2021 ஜூன் மாதம், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த தெரு ஒன்றிலே, ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசச் சென்றோம். மேடைப் பேச்சுப் போலவே வெளுத்துக் கட்டினோம். வாசற்படியிலே உட்கார்ந்து கேட்ட ஆயா ஒருவர், பேசி முடித்ததும் அமைதியாக ஒன்று கேட்டார். நாம் போட்டுக்கொண்டோமா என்று! நாம் போட்டிருக்கவில்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தோம். உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் இருந்தது. பேச்சு தொண்டையிலே நின்றது. மறுநாள் காலை வரிசையிலே நின்று போட்டுக்கொண்டு, மாலையிலே காய்ச்சலோடு அதே தெருவுக்குப் போனோம். ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கஷாயம் கொடுத்தார். அடுத்த வாரம், இரண்டு மருமகள்களையும் அழைத்துக்கொண்டு தாமும் வந்தார். நம் சொற்பொழிவு அசைக்காததை, நம் காய்ச்சல் அசைத்தது!

ஆகவே தோழர்களே! இன்னொரு கொள்ளை நோய் வரும். எந்த ஆண்டு என்று யாரும் சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கும் ஒருவர் மரம் ஏறுவார். கீழே நின்று சிரிக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துச் செல்லுங்கள். அவர் பேச்சிலே பேசுங்கள். தீங்கு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னே, சட்டைக் கையை மடித்து உங்கள் கையை நீட்டுங்கள். ஒடெசாவிலே பிறந்து, நம் நாட்டுச் சேரியிலே விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்த அந்த மனிதர் காட்டிய வழி அது. அவர் மரத்திலிருந்து தாமே இறங்கி வருவார்.